சாதுச் சரக்கு

திபுர்சியோ மெஸ்கால் குடிப்பவர் அல்ல, துப்புபவர். பள்ளத்தாக்கில் எந்த ஊரில் திருவிழா நடந்தாலும், ஆனைக்கற்றாழை வெட்டி மெஸ்கால் சாராயம் வடிப்பவர்கள் ஆளுக்கொரு ஜாடியோடு வரிசையில் நிற்க, நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர்தான். சுரைக்குடுக்கையில் ஊற்றச் சொல்வார். மோந்து பார்ப்பார். ஒரு வாய் எடுத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டுவார். பிறகு பக்கத்து மண்ணில் புளிச்சென்று துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். விழுங்குகிற நடுவருக்கு ஐந்தாவது ஜாடிக்கு மேல் எல்லாமே அமிர்தமாகிவிடும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

போன மாதத் திருவிழாவில் அவர் எர்மெலிந்தாவின் மெஸ்காலைத் துப்பினார். துப்பியதோடு விட்டிருக்கலாம். "இது மெஸ்காலே இல்ல தாயி, சாது! இத எங்க வீட்டுக் கோழிக்கு வச்சா ஒண்ணுக்கு ரெண்டா முட்டை போடும்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். ஊருக்குச் சிரிக்கக் கேட்கவா வேண்டும்? அன்றிலிருந்து அவள் ஜாடிக்குச் சாது என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உள்ளதைச் சொன்னால் அது சாதுதான். மற்றவர்கள் வடிக்கும் சரக்கு தொண்டையில் தீக்குச்சி உரசின மாதிரி இறங்கும். அப்படி இறங்கினால்தான் ஆம்பிளைச் சரக்கு என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எர்மெலிந்தா கடைசியில் சொட்டும் மெல்லிய வடிப்பைப் பார்த்துப் பார்த்துக் கலந்து காரத்தைத் தணித்துவிடுவாள். காரம் ஒதுங்கி நின்றால்தான் கற்றாழை வாய் திறந்து பேசும் என்பது அவள் எண்ணம். புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக இந்த எண்ணத்தை வைத்துத்தான் பிழைக்கிறாள். குடிக்கத் தெரியாதவர்களும் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள். குடித்துத் தேறியவர்கள், யாரும் பார்க்காத நேரமாக வந்து வாங்கிப் போவார்கள்.

இதைத் தொழில் பேச்சு என்று தூக்கிப் போட்டிருப்பாள். போட விடாமல் செய்தவன் அவள் மகன் நபோர். ஊரில் இத்தனை பெண்கள் இருக்க, பயல் போய் மனசைக் கொடுத்தது திபுர்சியோவின் ஒரே மகள் செனைதாவிடம்.

இந்த ஊரில் பெண் கேட்கப் போகிறவர்கள் மெஸ்கால் கொண்டு போக வேண்டும். பையனின் தாய் ஊற்றுவாள். பெண்ணின் தகப்பன் வாங்கி விழுங்கினால் சம்மதம், விழுங்காவிட்டால் இல்லை. முதல் இரண்டு தடவை இல்லை என்பது பெண் வீட்டுக் கௌரவம், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவது தடவையும் இல்லையென்றால் அப்புறம் அந்த வாசல்படியை மிதிக்கக்கூடாது. எர்மெலிந்தா முதல் தடவை போனபோது கதவே திறக்கவில்லை. இரண்டாவது தடவை திறந்தது. "பொண்ணு ரொம்பச் சின்னது" என்றார் திபுர்சியோ. செனைதாவுக்கு அப்போது இருபத்தாறு முடிந்திருந்தது.

மூன்றாவது தடவைக்கு நாள் குறித்த கையோடு அவர் மாவு மில்லில் நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: "வரட்டும். சாதுவத்தானே கொண்டுவருவா? வாயில வாங்குவேன், ருசி பாப்பேன், வெளிய போய்த் துப்புவேன். நடுவன் வேற என்ன செய்வான்?"

செய்தி அரைத்த மாவு ஆறும் முன்பே எர்மெலிந்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் நபோர் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தான். முப்பது வயதுக் காளை, மெஸ்கால் வடிக்கும் பட்டறையில் கழுதையை விடக் கூடுதலாக உழைப்பவன், அன்று அடுப்படிப் பூனை மாதிரி காலைச் சுற்றினான்.

"அம்மா, ஒரே ஒரு தடவைம்மா. காரமா முதல் வடிப்பு இருக்குல்ல, அதுல கால் ஜாடி கலந்துடு. அந்தாளு தொண்ட எரியட்டும், முழுங்கட்டும், கல்யாணம் முடியட்டும். அப்பறம் நீ சாது என்ன, பசும்பாலே வடிச்சுக்கோ."

எர்மெலிந்தாவுக்கும் ஆசை வராமல் இல்லை. முதல் வடிப்பு ஜாடியைத் தூக்கியே விட்டாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏண்டா, நாளைக்கு அந்தப் பொண்ணு இந்த வீட்டுக்கு வந்து, 'எங்கப்பா முழுங்கினது எந்த ஜாடி அத்த?'ன்னு கேட்டா நான் எதக் காட்டுறது?"

"அவ எதுக்கும்மா அதப் போயி கேக்கப் போறா?"

"கேப்பாடா. அந்தாளு பெத்தது கேக்காம இருக்குமா?"

ஜாடியைக் கீழே வைத்துவிட்டாள்.  தன் பிடிவாதத்துக்குப் பையன் வாழ்க்கையைப் பணயம் வைக்கிறோமோ என்று அடுப்பு அணையும் வரை யோசித்தாள். ஆனாலும் அடுத்தவனுக்குப் பிடித்த காரத்தைத் தன் கையால் ஊற்றி ஒரு பெண்ணைக் கேட்பதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாதுவையே நிரப்பிக் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரிசை கிளம்பியது. முன்னால் எர்மெலிந்தாவின் அண்ணன் ஓடிலோன். பெண் கேட்கும் இடத்தில் பையன் வீட்டுக்காகப் பேச ஒருவர் வேண்டும், அதற்கு ஊரில் அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆரம்பித்தால் அவரை நிறுத்தவும் ஆள் கிடையாது. பின்னால் ரொட்டிக் கூடை, சாக்லேட், மெழுகுவர்த்தி, பூ, கடைசியில் நபோர். அவன் கக்கத்தில் உயிருள்ள வான்கோழி ஒன்று, போகும் வழியெல்லாம் ஊரைத் திட்டிக்கொண்டே வந்தது. ஓடையைத் தாண்டினால் திபுர்சியோவின் வீடு. இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் காதில் விழும்.

கதவைத் திறந்தவள் திபுர்சியோவின் மனைவி சோனா. "வாங்க, வாங்க" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். பெண்ணின் தாய் இவ்வளவு சந்தோஷத்தைக் காட்டக்கூடாது. சோனாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

"அவரு உள்ளதான் இருக்காரு. வெள்ளச் சட்ட, தொப்பி, எல்லாம் போட்டுக்கிட்டு ஜட்ஜு மாதிரி உக்காந்திருக்காரு. விடிஞ்சதுலேந்து ஒரு வாய் சாப்பிடல, நாக்கு கெட்டுருமாம்."

"சோனா!" என்று உள்ளிருந்து அதட்டல் வந்தது.

சாமி படங்கள் வைத்த அறை அது. சுவரோரம் மேரி மாதாவும் புனிதர்களும், அவர்களுக்கு நடுவே அந்த வீட்டில் செத்துப் போனவர்களின் போட்டோக்களும். எதிரே வெளியே போக ஒரே வாசல், அதைத் தாண்டினால் முற்றம். திபுர்சியோ அந்த வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டிருந்தார். எழுந்தால் நாலே எட்டில் முற்றத்து மண், துப்பிவிட்டு வந்துவிடலாம். சமையலறைக் கதவோரம் செனைதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெண்ணுக்குப் பேச அனுமதி இல்லாத சபை. அவள் பார்வை மட்டும் அப்பனையே முறைத்துக்கொண்டிருந்தது.

எர்மெலிந்தா ஜாடியை அவிழ்த்தாள். திபுர்சியோ அதை அவள் கையிலேயே இருக்க வைத்து, தன் சட்டைப் பையிலிருந்த நாணல் குழாயை எடுத்தார். வாயால் உறிஞ்சி நிரப்பி, உயரத்திலிருந்து குடுக்கைக்குள் விட்டார். நல்ல காரமான சரக்கென்றால் விளிம்பைச் சுற்றி முத்து முத்தாய்க் குமிழ் கட்டி நிற்கும். இங்கே எழுந்த முத்து எழுந்த வேகத்தில் உடைந்தது.

"பாத்தீங்களா? கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முத்து போச்சு" என்றார், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர் போல.

"முத்த எண்ணவா வந்தோம், பொண்ணு கேக்க வந்தோம்" என்றாள் சோனா.

"நீ யாரு வீட்டுப் பக்கம்டி?"

"ஜெயிக்கிற பக்கம்."

முறைப்படி எர்மெலிந்தா குடுக்கையை வாங்கி, மறுபடி தன் கையால் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.  திபுர்சியோ நாலு சொட்டை மண் தரையில் சிலுவையாகச் சிந்தினார், அது பூமிக்கு. மோந்தார். புருவம் கொஞ்சம் உயர்ந்தது, உடனே இறங்கியது. ஒரு வாய் நிறைய எடுத்துக்கொண்டு, நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து ஓடிலோன் வாசலை அடைத்துக்கொண்டு நின்று தொப்பியைக் கழற்றினார். குடுக்கை வாய்க்குப் போனதும் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த முறை. போனது விழுங்கவா துப்பவா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

"வானத்துல இருக்கிற ஆண்டவருக்கும், இந்தச் சுவத்துல இருக்கிற புனிதர்களுக்கும், நமக்கு முன்னால போய் எடம் பிடிச்சு வச்சிருக்கிற பெரியவங்களுக்கும் வணக்கம்!"

சபையே தலை குனிந்தது. திபுர்சியோவும் குனிந்தார். சாமியைக் கூப்பிடும்போது துப்புவதாவது! வாய் நிறைய மெஸ்காலோடு, கன்னம் உப்ப, நின்ற இடத்திலேயே நின்றார். ஓடிலோன் செத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். எர்மெலிந்தாவின் புருஷனை அழைத்தார், அவன் அப்பனை அழைத்தார். திபுர்சியோவின் அப்பனை, அம்மாவை, ஓடையில் அடித்துக்கொண்டு போன சித்தப்பனை, அந்தச் சித்தப்பன் வைத்திருந்த கோவேறு கழுதையைக்கூட விடவில்லை. வான்கோழி நடுநடுவே ஆமென் சொன்னது.

எர்மெலிந்தா தலையைக் குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தாள். வேறு யார் சரக்காக இருந்தாலும் இத்தனை நேரத்துக்கு அந்த மனுஷனின் வாய் வெந்து, சாமியாவது பேயாவது என்று ஓடித் துப்பியிருப்பார். சாது அவர் வாய்க்குள் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. அதுமட்டுமில்லை. அவர் தாடை மெல்ல அசைந்தது. நின்றது. கண் பாதி மூடியது. மறுபடி அசைந்தது. மனுஷன் ருசி பார்க்கிறார்! திருவிழாவில் ஒரு நொடி வைத்துத் துப்பியவர், இன்றைக்குத்தான் அவள் மெஸ்காலை முதல்முறையாக வாயில் வைத்திருக்கிறார். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எந்தப் பேச்சுக்கும் ஒரு முடிவு உண்டு, ஓடிலோனின் பேச்சுக்கும்கூட. "ஆமென்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள், ஒருவரைத் தவிர. ஓடிலோன் வாசலை விட்டு விலகினார். திபுர்சியோ முற்றத்தைப் பார்த்து அடி எடுத்து வைத்தார்.

இன்னும் மூன்று எட்டுப் போனால் எல்லாம் முடிந்தது. நபோரின் முகம் செத்துப் போயிற்று. எர்மெலிந்தாவுக்கு என்ன தோன்றியதோ, சோனா பக்கம் திரும்பி, ஏதோ ஊர்க்கதை பேசுகிறவள் மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

"இந்தத் தடவ குழியில கற்றாழையச் சுடுறதுக்குக் கருவேல விறகுதான் போட்டேன் சோனா. ஓக் கெடைக்கல பாத்துக்க."

திபுர்சியோவின் கால் நின்றது. காது மடல் சிவந்தது. மெஸ்காலைப் பற்றி யார் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் அவரால் ஒரு அடி நகர முடியாது என்பது ஊரறிந்த வியாதி. சாவு வீட்டில்கூடத் திருத்தியிருக்கிறார். அவர் தலையை வேகமாக ஆட்டினார், இல்லை இல்லை என்று. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு எட்டு வைத்தார்.

"அப்பறம் இந்த மண்பானையில வடிக்கிற வேலையே வேணாம்னு விட்டுட்டேன். இது செப்புப் பானையில வடிச்சது" என்றாள் எர்மெலிந்தா.

மடக்.

"செம்பா?" என்று கத்தினார் திபுர்சியோ. "யாருகிட்டக் காது குத்துற? மண்பானைதான் இது! மழ பேஞ்ச தரை மாதிரி மணக்குது, செம்பாம்ல செம்பு! கருவேலமாம்! ஓக் விறகு, அதுவும் நல்லாக் காய்ஞ்ச ஓக். கருவேலம் போட்டிருந்தா பின்னால ஒரு கசப்பு நிக்கும், எங்க நிக்குது? சொல்லு! கற்றாழை தெக்குச் சரிவுல வெளஞ்சது. ஊறல் குளிருல கெடந்து ஒரு நாள் கூடப் பிடிச்சிருக்கு, அதான் இப்படி இனிக்குது. கடேசில ஒண்ணு வருது, எல்லாம் போனப்பறம் மெதுவா வருது, பூ மாதிரி, பூவும் இல்ல... என்னது அது?"

 எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க," என்றாள் சோனா மிக அன்பாக, "வாயில இருந்தது எங்க?"

திபுர்சியோ வாயை மூடினார். நாக்கால் இந்தக் கன்னத்தைத் தேடினார், அந்தக் கன்னத்தைத் தேடினார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். செனைதாதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். அப்புறம் சபை முழுக்கச் சிரிப்பு. வான்கோழி பயந்து நபோரின் கையிலிருந்து குதித்து மேஜைக்கடியில் ஓடியது.

"நான் முழுங்கல!" என்றார் திபுர்சியோ. "அதுவா எறங்கிடுச்சு!"

"எறங்கினா முழுங்கினதுதான்" என்றார் ஓடிலோன். சட்டம் பேசுவதென்றால் அவருக்கு வெல்லம். "எங்க தாத்தா காலத்துலேந்து, தொண்டையத் தாண்டினதத் திருப்பிக் கேட்ட வழக்கே கெடையாது."

"எறங்குறது தெரிஞ்சாத்தானய்யா நிறுத்துறது? திருடன் மாதிரி ஓசப்படாமப் போகுது!"

"நாப்பது வருஷமா துப்புற வாய். அதுக்கே தெரியாமப் போச்சுன்னா, அந்தச் சரக்க என்னன்னு சொல்றது?" என்றாள் சோனா.

திபுர்சியோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கோபம் வந்தவர் மாதிரித் தெரியவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடுக்கையை எர்மெலிந்தாவிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து. அந்தக் கடேசி ருசி என்னன்னு பிடிபட மாட்டேங்குது. நடுவன்ங்கிற முறையில கேக்குறேன்."

ஊற்றப் போன கையை எர்மெலிந்தா இழுத்துக்கொண்டாள். அவள் பயமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"முதல் குடுக்க யாருக்கு வேணாலும் ஊத்தலாம் அண்ணே. ரெண்டாவது சம்பந்திக்குத்தான். ரெண்டு பேரும் சேந்து குடிக்கணும். மொறை ஒங்களுக்குத் தெரியாததா? தெரியாம எறங்கினத நான் சம்மதம்னு எடுத்துக்க மாட்டேன். வேணாம்னா சொல்லுங்க, வரிசையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புறோம்."

"அம்மா!" என்று நபோர் அலறினான்.

"சும்மா இருடா."

 திபுர்சியோ ஜாடியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். செனைதா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். கட்டியிருந்த கை அவிழ்ந்து, முந்தானை மாதிரித் தொங்கிய சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"காரம் இல்லங்கிறதால சொன்னேன்னு நெனச்சீங்களா எல்லாரும்?" என்றார் மெல்ல. "இவ போயிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும். அத எப்படி ஊர்ல சொல்றது? சரக்குமேல போட்டேன்."

அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முறையாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "எங்க பொண்ணு ஒங்க பொண்ணு. எங்க வாசல் ஒங்க வாசல்."

சோனா மெழுகுவர்த்தியை ஏற்றினாள். இந்த வார்த்தைக்காகவே தீப்பெட்டியைக் காலையிலிருந்து இடுப்பில் செருகி வைத்திருந்தாள். எர்மெலிந்தா இரண்டு குடுக்கையில் ஊற்றினாள். இருவரும் சேர்ந்து குடித்தார்கள். திபுர்சியோ இந்தத் தடவை உருட்டவில்லை, மோந்து பார்க்கவில்லை, ஒரு மனுஷனாக விழுங்கினார்.

"இப்பச் சொல்லு. என்னது அது?"

"ஊறல் தொட்டிய ஆரஞ்சுத் தழை போட்டு மூடுறோம்" என்றாள் எர்மெலிந்தா. "ரெண்டு வருஷமா."

"ஆரஞ்சா? ஓடைக்கு அந்தாண்ட ஆரஞ்சு மரமே கெடையாதே."

"இல்லதான்."

திபுர்சியோவின் தலை முற்றத்துப் பக்கம் திரும்பியது. அங்கே அவர் கையால் நட்ட ஆரஞ்சு மரம் நின்றது. ஓடைப் பக்கத்துக் கிளைகள் மட்டும் மொட்டையாக இருந்தன. ஆடு கடித்துவிட்டது, ஆடு கடித்துவிட்டது என்று இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரனோடு அவர் போட்ட சண்டை ஊருக்கே தெரியும்.

"ஆடு இல்லப்பா" என்றாள் செனைதா. "நான்தான்."

 அவர் மரத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வழிந்தது, மீசை வரை வந்தது. இந்த ஊரில் பெண்ணைக் கொடுக்கிற தகப்பன்கள் எல்லோருக்கும் வருகிற கண்ணீர்தான். எல்லோரும் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "சரக்கு காரம்" என்று சொல்லிவிடுவார்கள். அதை யாரும் நம்புவதில்லை, யாரும் மறுப்பதும் இல்லை.

திபுர்சியோ குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒன் சரக்குல அதுக்குக்கூட வழியில்லையே சம்பந்தியம்மா," என்றார். "பழி போடக் கொஞ்சங்கூடக் காரம் இல்லையே. இப்ப நான் என்னன்னு சொல்றது?"

"அழுவுறேன்னு சொல்லுங்க சம்பந்தி" என்றாள் எர்மெலிந்தா.

 அவர் தொப்பியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார்.